கண்ணாடி போட்ட அறை

கண்ணாடி போட்டு ஆறாம் நாள் மத்தியானம், ஈ பறக்கிற சத்தம்கூட உள்ளே வராது என்று சொல்லி அடைத்துக் கொடுத்த அந்த அறைக்குள், யாரோ தன்னைக் கூப்பிடுவது சுபாஜினிக்குக் கேட்டது.

“பிள்ளை…”

மாமாவின் குரல்தான், சந்தேகமே இல்லை. வெற்றிலை போட்டுத் தடித்த நாக்கும், சொல்லின் கடைசியைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுகிற பழக்கமும் புருசனின் தகப்பன் மார்க்கண்டருக்கே உரியவை. கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. தடித்த திரைக்கு அந்தப் பக்கம் உச்சி வெய்யில் எரிந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் ஏசியின் குளிரும், கண்ணாடி ஓரங்களுக்குப் பூசிய பசையின் புளிச்ச மணமும், பகலிலேயே கட்டிவைத்த இருட்டுமாக அறை அடங்கிக் கிடந்தது.

“பிள்ளை…”

இரண்டு. மூன்றாவதற்காகக் காத்திருந்தாள்.

அவள் உடுப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். உச்சிப்பொழுதிலும் பொழுதுபடுகிற செக்கல் நேரத்திலும் ஆர் கூப்பிட்டாலும், மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் வாய் திறக்கவேண்டும் என்பது அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். மனிசர் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மற்றதுகளுக்கு இரண்டுக்கு மேல் வாய் வராது, அதற்குள் ‘ஓம்’ என்றவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பார்கள். பன்னிரண்டு வருசமாக ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்க்கிறவள், எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்ட கை. ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் அவளால் விடமுடிந்ததில்லை. மாமாவும் முறை தெரிந்த மனிசன். கூப்பிட்டால் எண்ணி மூன்று தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் ஓய்வார்.

மூன்றாவது வரவில்லை. நித்திரை வந்து அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பின்னேரம் நாலு மணிக்கு எழும்பி, குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய்க் கொடுக்கும்போது கேட்டாள்.

“மாமா, மத்தியானம் என்னைக் கூப்பிட்டனீங்களோ?”

“நானோ? இல்லையே பிள்ளை. நான் தோட்டத்திலை, வெங்காயத் தறையிலையெல்லோ நிண்டனான்.” கிழவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். “நீ இரவிரவாய் முழிச்சுப்போட்டு வந்து படுக்கிறனி. உன்னை நான் ஏன் எழுப்பப்போறன்?”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒருவரின் குரலை அவர் கூப்பிடாத நேரத்தில் கேட்பது நல்லதுக்கில்லை. அதை அவரிடமே சொல்வது அதைவிடக் கெடுதி. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தக் கண்ணாடி போடவேண்டி வந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். சுன்னாகத்துக்கு வடக்கே, றோட்டோரம், மார்க்கண்டரின் வீட்டு மதிலோடு ஒட்டி வாகீசன் என்கிற ஒருத்தன் போன வருசம் மிளகாய்த்தூள் மில் ஒன்றைத் திறந்தான். காலமை ஒன்பது மணிக்கு மிசினைப் போட்டால் பின்னேரம் ஐந்து வரைக்கும் அது வாயே மூடாது. வறுத்த மிளகாயும் மல்லியும் காற்றில் ஏறி மூக்கைப் பிய்க்கும். மிசின் உறுமும், அதற்குமேல் அதன் பெல்ட் பட்டி அடிக்கும், அதற்குமேல் வாகீசனின் றேடியோ, அதற்கும்மேல் வெங்காயம் ஏற்றப் போகிற லொறிகளின் கோர்ண் சத்தம், அதைக் கேட்டுக் குரைக்கிற நாய்கள். இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து படுக்கிற ஒருத்திக்கு இது நரகம் இல்லாமல் வேறென்ன? நித்திரைக்குப் பாய் வேண்டாம் என்பார்கள். பாய் வேண்டாம், சரி; ஒரு மணித்தியாலமாவது சத்தமில்லாமல் வேண்டாமா? ஒருநாள் ஆஸ்பத்திரி வாட்டில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டிலுக்கு வந்தோம் என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே கண் சொருகி நின்றுவிட்டாள். நோயாளியே அவள் கையைத் தட்டி எழுப்பினார். வீட்டுக்கு வந்து புருசன் சிவரூபனிடம் அழுதாள்.

“ஆரையாவது ஒருநாள் சாக்கொண்டுபோடுவன் போலை கிடக்கு” என்றாள்.

சிவரூபன் சுன்னாகத்தில் இரும்புச்சாமான் கடை ஒன்றில் வேலை செய்கிறவன். அவன்தான் பண்டத்தரிப்பிலிருந்து கண்ணாடி வேலை செய்கிற அடைக்கலநாதனைக் கூட்டிவந்தான். சும்மா சொல்லக்கூடாது, அடைக்கலநாதன் கெட்டிக்கார வேலைகாரன். பழைய யன்னல் கதவுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பிகளை மட்டும் வெளியே விட்டு, கம்பிக்கு உட்பக்கமாகத் தடித்த கண்ணாடி ஒன்றும், அதிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டு இன்னொன்றுமாக இரண்டு போட்டான்.

“ஒரு கண்ணாடியை எவ்வளவு தடிப்பாய்ப் போட்டாலும் சத்தம் வரும் மிஸி” என்று விளங்கப்படுத்தினான். ஊரில் தாதிமாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “ரண்டுக்கும் நடுவிலை காத்து அசையாமல் நிக்கவேணும். அதுதான் சத்தத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். இனி அங்காலை குண்டு விழுந்தாலும் உங்களுக்குக் கேளாது.”

ஓரமெல்லாம் றப்பர் வைத்து, பசை பூசி, கதவின் கீழ் நீக்கலுக்கும் றப்பர் அடித்து, சிவரூபன் வாங்கிவந்த சின்ன ஏசியையும் பூட்டிவிட்டுப் போனான். முதல்நாள் சுபாஜினி ஒன்பது மணிக்குப் படுத்து நாலரைக்குத்தான் எழும்பினாள். முகம் கழுவிக் கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை. ஐந்து நாள் அந்தச் சொர்க்கம் இருந்தது.

ஏழாம் நாளும் கூப்பிட்டது. எட்டாம் நாளும் கூப்பிட்டது. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில், இரண்டே இரண்டு தரம். மில் கேட்கவில்லை, லொறி கேட்கவில்லை, மதிலுக்கு அப்பால் தேங்காய் விழுந்தது கேட்கவில்லை. இது மட்டும் தலையணைக்குப் பக்கத்தில் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. இந்தக் குரல் புதிதாக வந்ததா, அல்லது எப்போதும் இருந்ததா? மில்லும் றேடியோவும் நாயும் லொறியுமாக இருந்த அமளிக்குள் இது முன்பும் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால்? அமளியை எல்லாம் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, இதை மட்டும் மிச்சம் வைத்தது அவளேதானோ? 

பத்தாம் நாள், இரண்டாம் தரம் கூப்பிட்டு முடிந்ததும் அவள் துணிந்து எழும்பித் திரையை விலக்கினாள். கண் கூசியது. முற்றம் வெறுமையாகக் கிடந்தது. கிணற்றடியில் வாளி கவிழ்ந்திருந்தது. தூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத் தறையில் மாமாவின் வெள்ளைச் சால்வைத் தலைப்பாகை குனிவதும் நிமிர்வதுமாகத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அவர் கூப்பிட்டிருக்கவே முடியாது. யன்னலுக்குக் கீழே அயல்வீட்டுக் குணலட்சுமியின் கறுத்த நாய் நின்றது. நாலு காலையும் ஊன்றி, மயிர் சிலிர்த்து, யன்னலைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. பல் தெரிந்தது, தொண்டை அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. அது குரைத்தது அவளைப் பார்த்தல்ல. அவளுக்குக் கொஞ்சம் முன்னால், கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எதையோ பார்த்து.

அந்த இடத்தில் பனிப்புகார் படிந்திருந்தது. வாய் வைத்து ஊதினால் படியுமே, அந்த அளவு வட்டம். அவள் விரலை வைத்துத் துடைத்தாள். போகவில்லை. புகார் இந்தப் பக்கம் இல்லை, நடுவில்.

அடைக்கலநாதனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வந்து ஓரங்களைத் தடவித் தடவிப் பார்த்தான்.

“ஏசிக் குளிருக்கு உப்பிடிப் படியிறதுதான் மிஸி. ஆனா உள்ளுக்கை ஈரம் போறதுக்கு வழியே இல்லை. றப்பர் ஒரு இடமும் விடேல்லை.” தலையைச் சொறிந்தான். “அதுவும் உப்பிடி நடுவிலை மட்டும் ஏன் படியுது எண்டு எனக்கு விளங்கேல்லை.”

பதினாலாம் நாள் புருசனிடம் அரைகுறையாகச் சொன்னாள். மாமாவின் குரல் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏதோ சத்தம் என்றாள். அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பல்ல, அவனுக்கு அவளில் உயிர்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீர் பகலிலை அறையை இருட்டாக்கிப்போட்டுப் படுக்கிறீர், பிறகு பேய் வராமல் என்ன செய்யும்? நானெண்டால் முதல் தரத்திலையே ‘ஆரடாப்பா, வா உள்ளுக்கை’ எண்டு கேப்பன்.”

“வாயை அலம்பாதேங்கோ” என்று அவள் கோபப்பட்டாள்.

பிறகு அவளுக்குப் பழகிவிட்டது. இதுதான் கொடுமை. மனிசர் எதற்கும் பழகிவிடுவார்கள். இரண்டு தரம் கூப்பிடும், மூன்றாம் தரம் கூப்பிடாது, நான் பதில் சொல்லமாட்டேன், அது போய்விடும். மருந்துக்கு நேரம் வைத்த மாதிரி ஒரு ஒழுங்கு. பதினேழாம் நாள் அது கூப்பிடும்போது அவள் முழுதாக விழிக்கக்கூட இல்லை.

பத்தொன்பதாம் நாளும் கூப்பிட்டது.

“பிள்ளை…”

அன்றைக்குக் குரல் கொஞ்சம் தூரத்தில் இருந்தது. மூச்சு வாங்கியது. இது புதுச் சேட்டை என்று அவள் நினைத்தாள். அரை நித்திரையில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“பிள்ளை…”

இரண்டு. தலையணையை எடுத்துக் காதுக்கு மேலே வைத்து அமத்திக்கொண்டு மூன்றாவதற்குப் பொறுத்தாள். எண்ணிப் பொறுத்தாள். ஒன்றும் இல்லை. போய்த்துலை, என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவ்வளவு இனிமையான நித்திரை அவளுக்குக் கனநாளாக வரவில்லை.

மூன்றே முக்காலுக்கு எழும்பித் திரையை விலக்கினாள். யன்னலின் கீழ்க் கம்பியில் நாலு விரல்கள் இருந்தன.

வெளியிலிருந்து கம்பியைப் பிடித்த விரல்கள். நகத்துக்குள் செம்மண். எறும்பு ஏறி இறங்கியது. அவள் அப்படியே கண்ணாடியில் முகத்தை வைத்துக் கீழே பார்த்தாள். சால்வைத் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடக்க, சுவரோடு சாய்ந்து, ஒரு கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு மார்க்கண்டர் இருந்தார்.

நெஞ்சுவலி. தறையிலிருந்து நடந்து வந்தவருக்குக் குசினிக் கதவு வரைக்கும் போகச் சீவன் இல்லை. மருமகள் படுக்கிற யன்னல்தான் கிட்ட. உள்ளே இருப்பவளோ தாதி. ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளும் எத்தனையோ பேருக்கு அதே வசனத்தை அதே மாதிரிச் சொன்னவள்தான்.

செத்தவீட்டில் குணலட்சுமி அவள் தோளில் விழுந்து குழறி அழுதாள்.

“மூண்டு தரம் கூப்பிட்டவரடி பிள்ளை! மில்லுச் சத்தத்துக்குள்ளையும் எனக்கு என்ரை குசினிக்குக் கேட்டது. ‘பிள்ளை, பிள்ளை, பிள்ளை’ எண்டு மூண்டு தரம். நீ வீட்டிலை நிக்கிறாய் தானே எண்டு நான் வராமல் விட்டிட்டன். நான் பாவி, வந்திருக்க வேணும். நீ நித்திரை, உனக்கு என்ன தெரியும்!”

 மூன்று தரம். அவர் முறைப்படி மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். இரண்டை அவளுக்குத் தந்துவிட்டு மூன்றாவதை அந்த யன்னல் வைத்துக்கொண்டது. அல்லது யன்னலுக்குள் இருந்தது வைத்துக்கொண்டது. பன்னிரண்டு நாளுக்கு மேலாக அது அவளைக் கூப்பிட்டதே இதற்குத்தானா? மாமாவின் குரலுக்கு எழும்பாமல் கிடக்க அவளைப் பழக்கியதா? கன்றுக்குட்டியைக் கயிற்றுக்குப் பழக்குகிற மாதிரிப் பழக்கியதா?

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு சிவரூபன் அறைக்குள் வந்து நிலத்தில் குந்தினான்.

“நான்தான் அப்பாவைச் சாக்கொண்டுபோட்டன் சுபா. கண்ணாடி போடுவிச்சது நான்தானே. அப்பா கூப்பிட்டிருக்கிறார், கேக்க ஒருதரும் இல்லை. ஒருக்கால், ஒரேயொருக்கால் ‘ஓம் அப்பா’ எண்டு ஆரும் சொல்லியிருந்தால் அந்த மனிசன் நிம்மதியாய்ச் செத்திருக்கும்.” முழங்காலில் முகத்தை வைத்து அழுதான். “உமக்கு ஒண்டும் கேக்கேல்லைத்தானே?”

வாய் திறந்தாள். சொல்லியிருக்கலாம். கேட்டது, நான் எண்ணிக்கொண்டு கிடந்தேன், தலையணையால் காதைப் பொத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் பிறகு தன் முகத்தில் விழிப்பானா? அந்தச் சிரிப்பு, அந்தப் பகிடி, ‘நீர்’ என்று மரியாதையாய்க் கூப்பிடுகிற அந்த வாய், எல்லாம் அன்றோடு முடிந்துவிடாதா? அவளுக்கு உலகத்தில் அவனை விட்டால் வேறு யார்?

“ஒண்டும் கேக்கேல்லையப்பா” என்றாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடியும் மட்டும் வீட்டில் ஆள் குறையவில்லை. அவள் அந்த அறைக்குள் போகவில்லை. விறாந்தையில், கூடத்தில், குசினிக்குள் என்று கிடந்த இடமெல்லாம் கிடந்தாள். மில் உறுமியது. லொறிகள் கத்தின. ஐயோ, அந்தச் சத்தத்தை அவள் எவ்வளவு ஆசையாகக் கேட்டாள்! நித்திரை மட்டும் வரவே இல்லை. அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர் போனார்கள். ஆஸ்பத்திரியில் லீவும் முடிந்தது. முதல் இரவு வேலைக்குப் போய், காலமை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவளைப் பார்த்துச் சிவரூபன் பயந்துபோனான்.

“நாளைக்கு அடைக்கலநாதன் வந்து கண்ணாடியைக் கழட்டுறான், சொல்லிப்போட்டன். இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அறைக்குள்ளை போய்ப் படும். இல்லாட்டி நீர் விழுந்துபோவீர். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உம்மை எழுப்புறன்.”

அவன் மோட்டர்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவள் கூடத்தில் படுத்துப் பார்த்தாள். புரண்டாள். பதினொரு மணிக்குக் கண் எரிய, தலை சுற்ற, வேறு வழியில்லாமல் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். றப்பர் நிலத்தில் உரசியது. உடனே உலகம் நின்றுவிட்டது. பசையின் புளிச்ச மணம் இன்னும் போகவில்லை. திரையைத் தொடாமல், யன்னலைப் பார்க்காமல், போனைக் கைக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள்.

எவ்வளவு நேரம் போயிற்றோ.

“பிள்ளை…”

கண் திறந்தது. மாமாவின் குரல். மூச்சு வாங்குகிற, அன்றைக்குக் கேட்ட அதே குரல்.  போனைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து.

இனி மறைக்க ஏலாது என்று அந்த நேரத்தில் அவளுக்குப் பட்டது. வெறுத்தால் வெறுக்கட்டும், விட்டால் விடட்டும், அவனிடம் சொல்லிவிட வேண்டும். அவன் நம்பரை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள்.

“என்ன சுபா, படுக்கேல்லையோ?” பின்னால் வாகனச் சத்தம். “நான் வந்துகொண்டிருக்கிறன். ரெயில் கடவையடியிலை நிக்கிறன், சொல்லும்.”

“இஞ்சேருங்கோ… நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். சொல்லி முடியும் மட்டும் ஒண்டும் கேக்காதேங்கோ.”

“ஏன், என்ன நடந்தது?”

“மாமா அண்டைக்கு… அண்டைக்கு மாமா கூப்பிட்டது…”

 எங்கே தொடங்குவது? கண்ணாடியிலா, இரண்டு தரத்திலா, தலையணையிலா? 

“பிள்ளை…”

யன்னலிலிருந்து. இரண்டாவது.

 போனில் வாகனங்கள் மட்டும் இரைந்தன.

“சுபா.” அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. “உது அப்பாவெல்லோ?”

பதில் சொல்லாதேங்கோ. அவள் அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் திறந்தது. சொல் வரவில்லை. நாக்கு காய்ந்து மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது.

“ஓம் அப்பா!” என்று அவன் கத்தினான். அழுகையும் சந்தோசமுமாகக் கத்தினான். ஒரு மாதமாக அவன் சொல்ல ஏங்கியது அது. “ஓம் அப்பா, வாறன்! இந்தா வாறன்!”

மோட்டர்சைக்கிள் உறுமியது. யாரோ “ஏய், ஏய், நில்” என்று கத்தினார்கள். ரெயிலின் கோர்ண். நீளமாக. மிக நீளமாக.

பிறகு போனில் ஒன்றும் இல்லை.

“இஞ்சேருங்கோ” என்றாள். இப்போது சொல் வந்தது. “இஞ்சேருங்கோ. ரூபன். ரூபன்.” திரும்ப எடுத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப. எடுக்கவில்லை. ஒன்றும் இராது. போன் விழுந்திருக்கும். கடவையைத் தாண்டி வந்துகொண்டிருப்பான். பத்து நிமிசத்தில் வாசல் படலையடியில் கோர்ண் அடிப்பான். அடித்தாலும் இதற்குள் கேளாது. கதவைத் திறக்கவேண்டும். எழும்பவேண்டும். 

“சுபா…”

யன்னலடியில்.

அவன் குரல். களைத்துப் போன குரல். வேலை முடிந்து வந்து, தண்ணி தாரும் என்று கேட்கிற குரல்.

வந்துவிட்டானா? அதற்குள்ளா? இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. இல்லை, நேரம் தெரியவில்லை அவளுக்கு. பத்து நிமிசம் ஆகியிருக்கலாம். வந்திருக்கலாம். அடிபட்டு வந்திருந்தால்? அவனுக்கும் குசினிக் கதவு வரைக்கும் நடக்கச் சீவன் இல்லாவிட்டால்?

“சுபா…”

இரண்டு.

எண்ணாதே. எண்ணாதே. எண்ணித்தானே ஒருவரைச் சாகவிட்டாய்.

பாய்ந்து போய்த் திரையைப் பிடித்து இழுத்தாள்.

வெய்யில். கண்ணாடி முழுக்கப் புகார், மேலிருந்து கீழ்வரை, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில். அதற்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் கீழே, சுவரோடு சாய்ந்து, ஒரு கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தபடி. மற்றவன் நின்றான். நீலச் சேட்டு. காலமை அவள் எடுத்துக் கொடுத்த சேட்டு. தலைக்கவசம் போட்டிருந்தான். நெஞ்சு அவளைப் பார்த்து நின்றது. தலைக்கவசத்தின் முன்பக்கம் முதுகைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கையில் போன் அதிர்ந்தது. அவன் நம்பர். அவன் பெயர். எடுத்துக் காதோடு அமத்தினாள்.

“அக்கா…” ஆரோ ஒரு பெடியன். மூச்சிரைத்தான். சுற்றிவரச் சனம் பேசுகிற சத்தம். “அக்கா, இந்தப் போன்காரர் உங்களுக்கு என்ன முறை? நான் கடவையடியிலை இருந்து கதைக்கிறன். இவரை ரெயில்…” நிறுத்தினான். “அக்கா? நிக்கிறியளோ?”

யன்னலுக்கு வெளியே அந்தத் தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது. கழுத்து திரும்பவில்லை. தலைக்கவசம் மட்டும். கொஞ்சம் கொஞ்சமாக. முகம் வந்தது. சிவரூபனின் முகம்தான். கண் அவளைத்தான் பார்த்தது. வாய் திறந்தது. உதடு குவிந்தது, விரிந்தது.

மூன்றாம் தரம் கூப்பிடுகிறான்.

சத்தம் வரவில்லை. ஒரு துளி வரவில்லை. கண்ணாடி பிடித்து வைத்துக்கொண்டது.

“அக்கா, நான் சொல்லுறது கேக்குதோ? ஒருக்கால் வாயைத் திறந்து சொல்லுங்கோ அக்கா, கேக்குதோ?”

“ஓம்” என்றாள் சுபாஜினி.

வெளியே வாய் மூடியது. கம்பியைப் பிடித்திருந்த நாலு விரல்களும் ஒவ்வொன்றாக விட்டன. கிழவர் கையை ஊன்றி எழும்பினார். மகன் அவருக்குத் தோள் கொடுத்தான். இரண்டு பேரும் யன்னலை விட்டுத் திரும்பி, சுவரோரமாக, அவசரமே இல்லாமல் குசினிப் பக்கம் நடந்தார்கள். மாமா செத்த நாளிலிருந்து, இனி எவர் வந்தாலும் அடைத்துக் கிடக்கக் கூடாது என்று, சுபாஜினி குசினிக் கதவைப் பூட்டுவதே இல்லை.